சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா

திருஏடு வாசிப்பில் அய்யாவின் சிறைப்பாட்டைக் கேட்கும்போது கண் கலங்காதவர் நம்மில் யாரும் இல்லை. மிளகாய்ப் புகை, சுண்ணாம்புக் காளவாய், பசித்த புலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மனம் பதைக்கிறோம். ஆனால் அந்தச் சிறையில் அய்யாவிடம் என்ன கேட்கப்பட்டது, அவர் எதைக் கொடுக்க மறுத்தார் என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஓர் அரசு ஒரு மனிதன் மேல் எவ்வளவு தூரம் கை நீட்டலாம், அந்தக் கை எங்கே நிற்கும் என்பதுதான் அங்கே நடந்த வழக்கு. அதைச் சொல்லவே இந்தச் சிறு ஏடு.

அரசின் கை அய்யாவைத் தொட்டது சிறையில் அல்ல, தொட்டிலில். 1809-ஆம் ஆண்டு, தென் திருவிதாங்கூரில் பூவண்டன்தோப்பு என்று அன்று சொல்லப்பட்ட ஊரில், பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் பிள்ளை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் கொதித்தார்கள். அவர்கள் சொல்லுக்குப் பின்னால் அரசு இருந்தது. பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. தன் பிள்ளையைத் தான் நினைத்த பெயரில் கூப்பிட ஒரு தாய்க்கு உரிமை இல்லாத நாடு அது.

இதே திருவிதாங்கூரில் நான்கு ஆண்டு கழித்து, 1813-இல், இன்னொரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்குக் கர்ப்பத்தில் இருக்கும்போதே அரசு உரியதாகிவிட்டது. அதனால் கர்ப்ப ஸ்ரீமான் என்று அழைத்தார்கள். அவரே சுவாதித் திருநாள் மகாராஜா. கருவிலேயே முடி பெற்றவரும், பெயரில் இருந்த முடியையும் இழந்தவரும் பிற்காலத்தில் சுசீந்திரத்தில் எதிர் எதிரே நின்றார்கள்.

முத்துக்குட்டி வளர்ந்த காலத்தில் சான்றோர் மக்கள் பட்ட பாடு நம் பாட்டன் பூட்டன் வாய்மொழியாக நமக்கு வந்திருக்கிறது. வெள்ளைக்கார ஆசிரியர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. பொன் நகை கூடாது. வீட்டுக்கு மேல்மாடி கூடாது. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. நம்பூதிரியிடமிருந்து 36 அடி விலகி நிற்க வேண்டும். தலைக்கு ஒரு வரி, பனை ஏறும் ஏணிக்கு ஒரு வரி. இவற்றோடு ஊழியம். சர்க்கார் ஆள் வந்து கூப்பிட்டால், அடுப்பில் உலை கொதித்தாலும் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஓலை சுமக்க வேண்டும், கோட்டைக்கு மண் சுமக்க வேண்டும், கூலி கேட்கக் கூடாது. இதில் வரி ஒன்றுதான் மற்ற நாடுகளில் இருப்பதைப் போன்றது. மற்றதெல்லாம் ஒரு மனிதனின் உடம்பில், நடையில், தண்ணீர் எடுக்கும் இடுப்பில் அரசு வந்து உட்கார்ந்துகொண்ட கதை.

அந்த அரசின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அந்த எல்லை இருந்த இடத்தைப் பாருங்கள். 1805-இல் கும்பினியோடு செய்த உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. கும்பினியின் ரெசிடெண்டு கணக்குக் கேட்டான். கட்ட முடியாமல் பாக்கி ஏறியபோது, தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆயுதம் எடுத்தார். 1809-இல், அய்யா பிறந்த அதே ஆண்டில், உயிரையும் விட்டார். சுவாதித் திருநாளே கடைசிக் காலத்தில் ரெசிடெண்டு கல்லன் துரையின் தலையீட்டால் மனம் நொந்து ஒதுங்கிப்போனார். ஆக, மன்னருக்கு மேலே ஒரு கை இருந்தது. அந்தப் பக்கம் அவரால் ஓர் அங்குலம் நகர முடியவில்லை. கீழே இருந்தவர்களிடமோ அவர் ஆட்கள் எதுவரை போகலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மேலே எட்டு லட்சம் கட்டுகிறவன் அதைக் கீழேதான் தேடுவான். அகிலத்திரட்டு கலிநீசனையும் வெண்நீசனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசுவதன் பொருள் இதை அறிந்தவருக்கு நன்றாக விளங்கும்.

கீழ்ப்பக்கமும் சில எல்லைகள் எழுதப்பட்டன. ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் போடலாம் என்று உத்தரவு கொடுத்தார். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. அது நல்லதுதான், அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனாலும் அது மதம் மாறியவருக்கு மட்டும் கிடைத்த சலுகை. அதே தெருவில், அதே குடும்பத்தில், மாறாமல் இருந்த அக்காளுக்கு அது இல்லை. 1829-இல் வந்த அரசு விளம்பரமோ, குப்பாயம் தவிர மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடுவது யாருக்கும் ஆகாது என்று திருப்பிப் போட்டது. கொடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்குப் பெயர் எல்லை இல்லை, தயவு.

முத்துக்குட்டி இருபது வயதைத் தாண்டியபோது கடும் நோயில் விழுந்தார். தாயாரும் உறவினரும் அவரைத் திருச்செந்தூர்த் திருவிழாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கியதும், தேடியவர்கள் காணாமல் அழுததும், மூன்றாம் நாள் வைகுண்டராய் எழுந்து வந்ததும் நாம் திருஏட்டில் கேட்டு வணங்குகிற வரலாறு. கொல்லம் 1008 மாசி 20 அந்த நாள். ஆங்கிலக் கணக்கில் 1833 மார்ச் மாதம். பூவண்டன்தோப்புக்குத் திரும்பி ஆறு ஆண்டுத் தவம். முதல் இரண்டு ஆண்டு ஆளுயரக் குழியில், அடுத்த இரண்டு ஆண்டு தரையில், பிறகு இரண்டு ஆண்டு உயர்ந்த இருக்கையில்.

அந்தத் தவத்தைச் சுற்றித்தான் கூட்டம் சேர்ந்தது. சான்றோர் மட்டும் வரவில்லை; பதினெட்டுச் சாதியாரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் தொடாமல் அடி எண்ணி விலகி நின்ற மக்கள் ஒரே பதத்தை வாங்கி உண்டார்கள், ஒரே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தார்கள். முத்திரிக் கிணற்றில் இன்று நாம் தலை நனைப்பது சின்னக் காரியமாகத் தோன்றலாம். அன்று அது அரசாங்க உத்தரவை மீறுவது. யாரும் வாள் எடுக்கவில்லை, வரி கட்ட மாட்டேன் என்று பறை சாற்றவில்லை. ஆனால் விலகி நில் என்ற சட்டத்தின் மேல்தான் அந்த அரசின் மாளிகை முழுவதும் நின்றது. அஸ்திவாரக் கல் ஒன்றை இங்கே ஒரு கிணற்றங்கரையில் மெல்ல உருவி எடுத்துவிட்டார்கள். புகார் சுசீந்திரத்துக்குப் போயிற்று. மன்னர் அங்கே வந்திருந்தார்.

மன்னர் அருகில் நியாயம் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. ஆயர் குலத்துப் பூவண்டர், நாராயணர் எந்தக் குலத்திலும் வரக் கூடுமே, இவரைத் தொடாதிருப்பது நல்லது என்று எடுத்துச் சொன்னார். கேட்கப்படவில்லை. அதிகாரத்தின் காது அப்படித்தான். தனக்கு வேண்டியதைச் சொல்பவன் பக்கமே திரும்பும்.

1838-ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. படையாட்கள் பதிக்கு வந்தார்கள். கூடியிருந்த மக்கள் எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். நினைத்திருந்தால் அன்று இரத்தம் ஓடியிருக்கும். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். கட்டினார்கள், அடித்தார்கள், இழுத்துக்கொண்டு போனார்கள். சுசீந்திரத்தில் மன்னர் தம் கைக்குள் ஒன்றை மூடி வைத்துக்கொண்டு, அது என்ன என்று சொல்லச் சொன்னதாக வரலாறு. அய்யா பேசவில்லை. பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு திருவனந்தபுரம் வரை நடை. அங்கே சிங்காரத்தோப்பில் சிறை.

சுவாதித் திருநாளைக் கொடுங்கோலன் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் என்று சரித்திரம் சொல்லவில்லை. இசை அறிந்தவர், அவர் பாடிய கீர்த்தனங்கள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைத்தார், வானநோக்கு நிலையம் கட்டினார். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அய்யா சிறைப்படுவதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, 1835 வாக்கில், கண்டன் மேனோன் என்ற அதிகாரியைக் கொண்டு ஒரு சட்டத்தொகுப்பு எழுதச் செய்து, முன்சீப் கோர்ட்டுகளை ஏற்படுத்தியவர் அவர். குற்றம் என்ன, விசாரணை எப்படி என்று எழுதி வைத்த நாடு அது. சட்டமே இல்லாத காட்டில் நடந்த அநியாயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அய்யாவின் சிறைப்பாட்டைத் திருஏட்டில் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். முன்சீப்பும் இல்லை, வழக்கும் இல்லை. புகார் சொன்னார்கள், மன்னர் ஆணையிட்டார், கட்டி இழுத்தார்கள். நல்ல மன்னர், நல்ல சட்டம் இரண்டும் இருந்தும், பூவண்டன்தோப்பில் குழிக்குள் தவம் இருந்த ஒரு மனிதரிடம் வரும்போது இரண்டும் காணாமல் போயின.

சிறையில் 110 நாள். அதற்குள் அய்யாவுக்குச் செய்தவற்றை நாம் அறிவோம். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். அறையில் அடைத்து மிளகாய் வற்றலைத் தீயில் போட்டுப் புகைத்தார்கள். பல நாள் பட்டினி போட்ட புலியின் கூண்டுக்குள் விட்டார்கள். புலி அவர் காலடியில் படுத்துக்கொண்டது. கேட்கிற நமக்கு இவை அற்புதங்கள். செய்தவர்களுக்கு இவை சோதனைகள். ஓர் உடம்பை எவ்வளவு வாட்டினால் உள்ளே இருப்பவன் பணிவான் என்று கண்டறிகிற வேலை. இதற்கெல்லாம் அய்யா எதிர்த்துக் கை ஓங்கவில்லை என்பது மட்டும் அல்ல, தன்னை விடும்படி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை போலும். கெஞ்சுகிறவனுக்கு மன்னிப்புக் கொடுத்தால் அரசின் பெருமை கூடும். கெஞ்சாதவனை என்ன செய்வது?

கடைசியில் இறங்கி வந்தது அரண்மனைதான். ஓர் உடன்படிக்கை எழுதிக் கொண்டுவந்தார்கள். இனி என் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வேன், மற்றச் சாதியாரைச் சேர்க்க மாட்டேன் என்று அய்யா ஒப்புக்கொண்டால் போதும், விட்டுவிடலாம் என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அந்த ஓலை எவ்வளவு சாமர்த்தியமானது என்று பாருங்கள். கும்பிடாதே என்று அது சொல்லவில்லை. தவம் இருக்காதே என்று சொல்லவில்லை. உன் மக்கள் உன்னிடம் வரட்டும், நாங்கள் தடுக்க மாட்டோம் என்று ஒரு வேலி போட்டு உள்ளே உட்காரச் சொன்னது. வெளியே போய்ப் பார்த்தால் சுதந்திரம் மாதிரி இருக்கும். களைத்துப்போன ஒருவர், வீட்டில் தாய் காத்திருக்கும் ஒருவர், முதலில் வெளியே போவோம், பிறகு பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டால் உலகம் குறை சொல்லாது. நம்மில் எத்தனை பேர் அதைவிடச் சிறிய மிரட்டலுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்! ஆனால் அதில் ஒப்புக்கொண்டால், யார் யாரோடு சேரலாம் என்று வகுக்கிற உரிமை அரசுக்கு உண்டு என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாகும். பதினெட்டுச் சாதியும் கூடிய கிணற்றங்கரை பொய்யாகிவிடும்.

அய்யா மறுத்தார். அந்த உடன்படிக்கையைக் கிழித்துப் போட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அதன்பின் அரசிடம் மிச்சம் இருந்தது என்ன? கட்டிப் பார்த்தாயிற்று, அடித்துப் பார்த்தாயிற்று, நஞ்சும் நெருப்பும் புலியும் காட்டியாயிற்று, கடைசியாகச் சலுகையும் காட்டியாயிற்று. ஒரு மனிதனின் ஒப்புதலை அவனே கொடுத்தால் அல்லாமல் எடுத்துக்கொள்ளும் கருவி எந்தக் கொல்லன் பட்டறையிலும் அடிக்கப்படவில்லை. மாசி 19-ஆம் நாள், 1839-இல், சிறைக்கதவு நிபந்தனை எதுவும் இல்லாமல் திறந்தது. அன்பர்கள் அய்யாவைத் தொட்டில் வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்துகொண்டு தெற்கே நடந்தார்கள். கூலி இல்லாமல் சுமை தூக்கியே காய்ப்பேறிய தோள்கள். அன்று முதன்முதலாகத் தாங்களே விரும்பி ஒரு சுமையைத் தூக்கின.

சிறையிலிருந்து மீண்ட பின் அய்யா இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருந்தார். அரசை எதிர்த்துப் படை திரட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் செய்தது வேறு. எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவசு செய்ய வைத்தார். குளித்து, துணி துவைத்து, மாமிசம் விட்டு, சுத்தமாய் உண்டு, சண்டை இல்லாமல் அவர்கள் ஒன்றாய் வாழ்ந்தார்கள். அங்கே காவல்காரன் இல்லை, தண்டல்காரன் இல்லை. அதிகாரி இல்லாவிட்டால் இந்த ஜனங்கள் அடித்துக்கொண்டு சாவார்கள் என்று சொன்னவர்களுக்கு அந்த எழுநூறு குடும்பமும் பதிலாக இருந்தது. ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் எழுந்தன. அங்கே கும்பிட்டார்கள், பசித்தவர்க்குச் சோறு போட்டார்கள், எழுத்தும் படித்தார்கள். கும்பிட வருகிற ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும் என்றார் அய்யா. இடுப்பில் துண்டைக் கட்டிக் குனிந்து நிற்க வேண்டிய ஜனம் அது. முடிசூடும் பெருமாள் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடாது என்றார்கள் அல்லவா? இப்போது ஆயிரம் தலையில் துணிமுடி ஏறிற்று. கருவறையில் கண்ணாடி வைக்கப்பட்டது. தலைப்பாகையோடு தன்னைத் தானே பார்க்கிற ஒருவன், வெளியே வந்து யாருக்கு முன் அதை அவிழ்ப்பான்?

இந்த வளர்ச்சியை நமக்கு வேண்டாதவர்களே எழுதி வைத்தார்கள். 1840-களில் லண்டன் மிஷன் பாதிரிமார் அனுப்பிய அறிக்கைகளில், முத்துக்குட்டியின் வழி தங்கள் வேலைக்குப் பெரிய தடையாக இருக்கிறது என்ற முறையீடு இருக்கிறது. கொல்லம் 1016-இல் அரிகோபாலச் சீடர் கையால் அகிலத்திரட்டு அம்மானை ஏட்டில் ஏறியது. 1851-ஆம் ஆண்டு வைகாசி 21-ஆம் நாள், திங்கட்கிழமை, அய்யா வைகுண்டம் சேர்ந்தார்.

அந்த நாளில் தலைவரி நின்றிருந்ததா? இல்லை. ஊழியம் நின்றிருந்ததா? அதுவும் இல்லை. இதை மறைத்துச் சொல்வது அய்யாவுக்குப் பெருமை ஆகாது. அடிமை முறை ஒழிந்ததாக அரசு அறிவித்தது 1855-இல். தோள்சீலைக்காக 1858-லும் 1859-லும் நாகர்கோவில் பக்கம் வீடுகள் எரிந்தன, பெண்கள் சந்தையில் அவமானப்பட்டார்கள். சென்னைக் கவர்னர் டிரவெலியன் துரை நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26-இல், உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு விளம்பரம் வெளியிட்டார். அதிலும், குப்பாயம் போடலாம், முரட்டுத்துணியால் மீனவப் பெண்களைப் போல மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்று ஒரு வால். மறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்த கையே எந்த மாதிரித் துணி என்றும் அளந்து கொடுத்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்தில் 17-ஆவது பிரிவு தீண்டாமையையும், 23-ஆவது பிரிவு கூலியில்லா ஊழியத்தையும் விலக்கி வைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அதற்குப் பிறகும், கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆண்டுதோறும் மாசி 19-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. திருச்செந்தூரிலிருந்து இன்னொன்று. இரண்டும் நாகர்கோவில் வந்து சேர்கின்றன. மறுநாள் அதிகாலையில் நாகராஜா திடலிலிருந்து எல்லாரும் ஒன்றாகச் சாமிதோப்புக்கு நடக்கிறோம். பெண்கள், பிள்ளைகள், தலைப்பாகை கட்டிய ஆண்கள், நெற்றியில் திருநாமம், கையில் காவிக்கொடி, வாயில் அய்யா சிவசிவ அரகரா. சுசீந்திரம் அந்த வழியில்தான் இருக்கிறது.

அய்யா உண்டு.